இருபத்தாறும் இருபத்தாறும்

மழை மூன்று நாளாக விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷஃபியுல்லாவின் பட்டறை இருந்த சந்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. ஜமீலா ஸ்கூட்டியை முனை டீக்கடை ஓரமாக நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, புர்காவைத் தூக்கிப் பிடித்தபடி நடந்தாள். கருத்த தண்ணீர், மேலே எண்ணெய் மினுங்கியது. அடியில் இரும்புச் சுருள் ஏதாவது கிடந்து காலைக் கிழித்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு அடியையும் தடவித் தடவி வைத்தாள்.

பட்டறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தகரக் கூரை போட்ட கொட்டகை, இரும்புத் தகட்டை அச்சில் அடித்து வெட்டும் பவர் பிரஸ் இரண்டு, ஒரு லேத், ஒரு துளை போடும் மெஷின். கார் சீட்டுக்கு அடியில் போகும் வாஷரும் கிளிப்பும் அடித்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு சீட் கம்பெனிக்கு அனுப்புவார்கள். ஜமீலாவின் கணவர் ஷஃபியுல்லா இருபது வருஷம் அடுத்தவன் பட்டறையில் உழைத்துவிட்டு, அவளுடைய நகையையும் பூந்தமல்லி வீட்டின் பின்பாதியையும் விற்றுப் போட்ட பட்டறை. மெஷின்கள் அவர் பொறுப்பு. பில், வரி, பேங்க், கம்பெனிக்காரர்களிடம் பேச்சு எல்லாம் ஜமீலா.

உள்ளே லாவண்யா துடைப்பத்தால் தண்ணீரை வாசலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். திருமுல்லைவாயில் பெண், இருபது வயது. ஐடிஐ முடித்துவிட்டு ஜனவரியில் இங்கே பயிற்சியாளராகச் சேர்ந்தவள். ஒரு வருஷம் முடித்துப் பரீட்சை எழுதினால் அரசாங்க முத்திரையோடு சான்றிதழ் வரும். அது கையில் இருந்தால் ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலைக்கு விண்ணப்பம் போடலாம். இன்னும் ஏழு வாரம்தான் பாக்கி.

"அக்கா, தண்ணி உள்ள பூந்துச்சு. ஷீட்டெல்லாம் பலக மேல ஏத்திட்டேன். அடியில ரெண்டு மட்டும் நனஞ்சிபோச்சு."

"தனியாவா தூக்குன?"

"பிரசன்னாண்ணன் ஒரு கை புடிச்சாரு. நீங்க கால கழுவுங்கக்கா, சேத்துப்புண்ணு வந்துடும்."

வேறு நாளாக இருந்தால் ஜமீலா நாஸ்டா ஆயிற்றா என்று கேட்டிருப்பாள். அன்று அந்தப் பெண்ணின் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. முந்தின நாள் போனில் வந்திருந்த கடிதத்தை நான்கு தரம் படித்துவிட்டாள். 'தங்கள் நிறுவனம் உதவித்தொகை கோரிய பயிற்சியாளர்களின் விவரங்களை வருங்கால வைப்பு நிதிப் பதிவுகளுடன் ஒப்பிட்டதில் பொருந்தாமை கண்டறியப்பட்டுள்ளது. நேரில் விளக்கம் அளிக்கவும்.' கீழே ஒரே ஒரு பெயர். லாவண்யா, தகப்பன் பெயர் வேம்புலி.

பயிற்சியாளருக்குப் பட்டறை மாதம் எட்டாயிரம் கொடுக்கும். அதில் ஆயிரத்தைந்நூறை அரசாங்கம் பட்டறைக்குத் திருப்பிக் கொடுக்கும். இத்தனை நாள் ஜமீலா இந்த மாதிரி ஒரு காரியத்தில் ஒரு எழுத்துப் பிசகு விட்டதில்லை.

பதினொரு மணிக்குத் திறன் பயிற்சி அலுவலகத்தில் இருந்தாள். அதிகாரி சண்முகசுந்தரம் ஓய்வு பெறும் வயதில் இருந்தார். அவருடைய குடை மூலையில் விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது. தன் மேஜைத் துண்டை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

"மொகத்தத் தொடைங்கம்மா. ஒக்காருங்க." கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். "மார்ச் மாசம் இந்தப் பொண்ணு உங்ககிட்ட இருபத்தாறு நாள் வந்ததா ஏத்தியிருக்கீங்க. சரிதானா?"

"வந்தா சார். லீவே போட மாட்டா."

"அதே மார்ச், அதே ஆதார். வெளிவட்டச் சாலை ஓரத்துல ஒரு பார்சல் கோடவுன். அங்கயும் இருபத்தாறு நாள். பி.எஃப். புடிச்சிருக்காங்க. ஏப்ரல்ல இங்க இருபத்தஞ்சு, அங்க இருபத்தஞ்சு. இப்படியே அக்டோபர் வரைக்கும் போவுது."

"வேற லாவண்யாவா இருக்கும் சார்."

"பேர் ரெண்டு இருக்கலாம். ரேகை ஒண்ணுதானேம்மா." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "முன்னெல்லாம் ஒரு இன்ஸ்பெக்டர் வருவாரு, டீ குடிப்பாரு, ரிஜிஸ்டரப் பொரட்டுவாரு, போவாரு. இப்ப கம்ப்யூட்டர் ரெண்டு லிஸ்டையும் பக்கத்துப் பக்கத்துல வெச்சுப் பாத்துடுது. அது டீ குடிக்காது."

"எங்க ரிஜிஸ்டர் கொண்டாந்திருக்கேன். பாருங்க, தெனம் எட்டரைக்குக் கையெழுத்து போட்டிருக்கா."

"அவங்களும் அனுப்பியிருக்காங்க. காலைல ஒம்போது, சாயங்காலம் ஆறு. ஒரு ஆள் ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல நிக்க முடியாது. யாரோ ஒருத்தர் எழுதனது பொய்."

"எங்களது பொய்யில்ல சார்."

"அவங்களும் அதையேதான் சொல்றாங்க. அவங்ககிட்ட ரெண்டாயிரம் பேர் இருக்காங்க, வக்கீல் இருக்காரு. உங்ககிட்ட ஆறு பேர்." இதைச் சொல்லும்போது அவர் குரல் தணிந்தது.

எட்டு மாதத்துக்குப் பன்னிரண்டாயிரம். திருப்பிக் கட்டுவது பெரிய விஷயமில்லை. ஆனால் பொய்க் கணக்கு காட்டியவர்கள் பட்டியலில் பட்டறையின் பெயர் ஏறிவிடும். சீட் கம்பெனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பட்டியலைப் பார்க்கும். பெயர் இருந்தால் அன்றோடு ஆர்டர் நின்றுவிடும்.

"ரெண்டு வழி இருக்கும்மா. கோடவுன்ல இருந்து, அந்தப் பொண்ணு வேற நேரத்துலதான் வேலை செஞ்சான்னு லெட்டர் வாங்கிட்டு வாங்க. இல்ல, உங்ககிட்ட மறைச்சுட்டு அங்க சேந்துட்டான்னு நீங்க ஒரு லெட்டர் குடுங்க. பணத்தக் கட்டுங்க. உங்க பேர் ஏறாது."

"அவளுக்கு?"

அவர் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒப்பந்தம் ரத்து. வேலை செஞ்ச மாசமெல்லாம் செல்லாது. அந்த ஆதாரோட மறுபடி எங்கயும் பயிற்சிக்குச் சேர முடியாது. அடுத்த வியாழக்கெழம விசாரணை. ரெண்டு பேரும் வாங்க."

திரும்பி வந்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம். தகரக் கூரைமேல் மழை இரைந்த இரைச்சலில் பக்கத்து ஆள் பேசுவது காதில் விழாது. லாவண்யா பொடி தடவிய நான்கு இட்லியை வைத்துக்கொண்டு லேத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஜமீலா எதிரே ஒரு டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சாயங்காலம் இங்கேருந்து எங்க போற?"

"ஊட்டுக்குத்தான்க்கா."

"லாவண்யா. நான் இப்ப ஆபீஸுக்குப் போய்ட்டு வரேன்."

இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. "கோடவுனுக்குப் போறேன்க்கா."

"எப்பலேந்து?"

"அப்பா முகப்பேர்ல சாரத்து மேலேந்து உழுந்தாரு இல்ல, அப்பலேந்து. ஆறேகாலுக்கு வேன் வரும். ஏழு மணிக்கு பெல்ட்டாண்ட நிக்கணும். பார்சலு வரவர ஊரு பாத்துப் பிரிச்சுப் போடணும். ரெண்டு மணிக்கு உட்டுடுவாங்க. வேன்லயே கொண்டாந்து ஊட்டாண்ட எறக்கிடுவாங்க."

"ரெண்டு மணின்னா?"

"ராத்திரிதான்."

"தூங்கறது?"

"மூணுக்குப் படுத்தா ஆறரைக்கு எய்ந்துடுவேன். ஞாயித்துக்கெழம சாயங்காலம் வரைக்கும் தூங்குவேன்க்கா."

ஜமீலாவுக்கு ஆவணி மாதத்து நாள் ஒன்று நினைவுக்கு வந்தது. பிரஸ்ஸின் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே இந்தப் பெண் கண்ணயர்ந்துவிட்டாள். இடது கை, அச்சு இறங்கும் டையின் மேல், வலது கால் பெடலின் மேல். பக்கத்து மெஷினில் இருந்த பிரசன்னா பார்த்து ஸ்விட்சை அணைத்திருக்காவிட்டால் நான்கு விரல் போயிருக்கும். அன்றைக்கு ஜமீலா வாய்க்கு வந்தபடி திட்டினாள். போன் பார்த்துக்கொண்டு விடிய விடிய முழித்திருக்கிறாயா என்று கேட்டாள். லாவண்யா ஆமாம் என்று தலையாட்டினாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா நிறுத்த சொல்லுவீங்க." அவள் குரலில் குறை இல்லை. "நீங்க குடுக்கறது எட்டு. அப்பாவுக்கு மாத்திர, ஆட்டோ, காலு நீட்டி மடக்கி உடற ஆளு, அதுக்கே ஏழு போவுது. வாடக கீது. சோறு கீது."

"பி.எஃப். புடிச்சாங்களே, அது தெரியாதா உனக்கு?"

"விரல வெக்கச் சொன்னாங்க, வெச்சேன். எல்லாரும்தான் வெச்சாங்க."

ஜமீலா திரும்பிப் பிரஸ்ஸைப் பார்த்தாள். இரண்டாவது பிரஸ்ஸில் முன்பு சரண் என்று ஒருவன் இருந்தான். சம்பளம் பதினாலாயிரம். பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. அவன் இடத்துக்கு ஆள் தேடாமல் லாவண்யாவை உட்கார வைத்தார்கள். அவன் அடித்த எண்ணிக்கையை மாசிக்குள் அவள் எட்டிவிட்டாள். பயிற்சி என்றுதான் அதற்குப் பெயர்.

மறுநாள் சாயங்காலம் ஐந்தரைக்கு அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஜமீலா கோடவுனுக்குப் போனாள். அயனம்பாக்கம் ஏரி விளிம்பு வரை நிறைந்து கிடந்தது. சாலை ஓரத்தில் ஆட்கள் தூண்டில் போட்டு நின்றார்கள். கோடவுன் வாசலில் காவலாளி உள்ளே விடவில்லை. அரைமணி நேரம் எதிர்ப்பக்கத்துப் பெட்டிக்கடையின் சாக்குப் படுதாவுக்குக் கீழே நின்றார்கள். பிறகு கான்ட்ராக்ட்காரரின் மேற்பார்வையாளன் உதயகுமார் வந்தான். முப்பது வயது இருக்கும். லாவண்யாவைப் பார்த்ததும், "இன்னாமா, அப்பாவுக்கு எப்டி கீது?" என்றுதான் முதலில் கேட்டான்.

ஜமீலா விஷயத்தைச் சொன்னாள். அவன் கடைக்காரரிடம் மூன்று டீ சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, நீங்க சொல்றது நெசம்தான். இவ ஏயு மணிக்குத்தான் வரா. ஆனா லெட்டரு குடுக்க முடியாது."

"உண்மையத்தான தம்பி எழுதச் சொல்றேன்."

"பொம்பளைங்கள ராத்திரில வேலைக்கு வெக்கணும்னா அதுக்குத் தனி பர்மிஷன் வாங்கணும். வண்டிக்குள்ள காவலு, ரெஸ்ட் ரூமு, அது இதுன்னு ஆயிரம் கேப்பாங்க. கான்ட்ராக்ட்காரரு எதையும் வாங்கல. அதனால எல்லாத்தையும் பகலு ஷிப்டுன்னே ஏத்தி வெச்சுகீறாரு. இவ ஒருத்தி ராத்திரின்னு நான் எழுதிக் குடுத்தேன்னு வெச்சிக்கோங்க, நாளைக்கே வந்து எல்லாத்தையும் நோண்டுவாங்கோ. அறுவது பொண்ணுங்கக்கா. அத்தினி பேரையும் நிறுத்திடுவாங்க."

"அதுக்காக என் பட்டறைய மூடணுமா?"

"நான் இன்னா சொல்றது. எனக்கு மேல ஆளு கீது, அவருக்கு மேல ஆளு கீது." டீக்கு அவனே காசு கொடுத்தான். "உனுக்கு டைமாயிடுச்சு, போ. நேத்து வேற லேட்டு," என்று லாவண்யாவிடம் சொன்னான்.

லாவண்யா ஜமீலாவைப் பார்த்தாள். ஜமீலா தலையை அசைத்ததும் துப்பட்டாவைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்து உள்ளே ஓடினாள்.

புதன்கிழமை விடியற்காலைத் தொழுகை முடித்து வந்த ஷஃபியுல்லா தொப்பியைக் கழற்றாமலே சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்தார். ஜமீலா மகள் ஹிபாவின் டிபன் பாக்ஸில் தக்காளிச் சோறு அடைத்துக்கொண்டிருந்தாள்.

"எழுதிட்டியா?"

"இல்ல."

"ஜமீலா, பொய்யா எழுதச் சொல்றேன்? அவ மறச்சா. நெசம்தான? அதத்தான எழுதப்போறோம்."

"மறச்சா. ஆனா எட்டரைக்கு வந்து பிரஸ்ல ஒக்காந்தாளே, அத எங்க எழுதறது?"

"அத யாரும் கேக்கலியே." அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். "பிரசன்னாவுக்கு ரெண்டு புள்ளைங்க. அஸ்கர் இப்பத்தான் நிக்காஹ் பண்ணிகினு வந்துகீறான். ஆர்டரு நின்னா அவனுங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது? அந்தப் பொண்ணுக்கு வயசு கீது. எங்கனா பொழச்சிக்கும்."

"நமக்கும் வயசுப் பொண்ணு இருக்கு."

"அதனாலதான் சொல்றேன்."

ஜமீலா டிபன் பாக்ஸை அழுத்தி மூடினாள். "ரெண்டாவது பிரஸ்ஸுக்கு ஒழுங்கா சம்பளம் குடுத்து ஆளப் போட்டிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது."

"நான் பொங்கலப்பவே சொன்னேன்," என்றார் ஷஃபியுல்லா. குத்திக்காட்டுகிற தொனி இல்லை, நடந்ததைச் சொல்கிற தொனிதான். "நீதான் நோட்ட எடுத்து வெச்சிகினு கணக்கு போட்ட. இந்தப் பொண்ணே போதும், மாசம் ஏழாயிரத்துக்கு மேல மிச்சம்னு சொன்ன."

ஜமீலா ஹிபாவை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு வந்து, நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினாள். மூன்று தாள் கிழித்துப் போட்ட பிறகு நாலாவது தாள் சரியாக வந்தது.

வியாழக்கிழமை அலுவலகத்தில் லாவண்யா அவளுக்கு முன்பே வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். தலைக்குக் குளித்து, நல்ல சுடிதார் போட்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருமை அப்பியிருந்தது. ஜமீலா பக்கத்தில் உட்கார்ந்து, கடிதம் ஒன்று எழுதியிருப்பதாகச் சொன்னாள். வேறு வழி இல்லை என்றும் சொன்னாள். லாவண்யா, "கோடவுன்ல குடுக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும்க்கா," என்றாள்.

சண்முகசுந்தரம் இருவரையும் உள்ளே கூப்பிட்டார்.

"சொல்லும்மா. பயப்படாத. இந்த ரெண்டுல நீ நெஜமா வேலை செஞ்சது எங்க?"

"ரெண்டு எடத்துலயும்தான் சார்."

"பகல்ல எங்க?"

"பட்டறைல."

"கோடவுன் ரிஜிஸ்டர்லயும் பகல்தான் போட்டிருக்கு. அப்ப அது பொய்னு எழுதித் தரியா?"

லாவண்யா வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். கோடவுனில் அவளோடு பெல்ட்டில் நிற்கிற பெண்களில் பத்துப் பேராவது அவள் தெருக்காரிகள். "இல்ல சார்."

"பட்டறைல எழுதனது பொய்யா?"

"அதுவும் பொய்யில்ல சார்."

அவர் பெருமூச்சு விட்டார். "அந்த மாதிரிப் போடறதுக்கு இதுல எடமே இல்லம்மா. ரெண்டுல ஒண்ணு தொட்டாத்தான் அடுத்த பக்கம் போகும்." பிறகு ஜமீலாவைப் பார்த்தார்.

ஜமீலா கைப்பையைத் திறந்து கடிதத்தை மேஜைமேல் வைத்தாள். அவர் படித்துவிட்டு, வழக்கப்படி லாவண்யாவிடம் நீட்டினார். அவள் உதடு அசைய அசையப் படித்தாள். ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"'வேண்டுமென்றே மறைத்து'ன்னு எழுதியே ஆவணுமாக்கா?"

ஜமீலா அதிகாரியைப் பார்த்தாள். "அது இல்லன்னா நிறுவனத்தோட கவனக்குறைவுன்னு ஆயிடும்," என்றார் அவர்.

"சரி சார்," என்றாள் லாவண்யா. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அவர் ஒரு சின்னக் கருவியை அவள் பக்கம் நகர்த்தினார். அதில் பெருவிரலை வைத்தாள். முதல் தரம் எடுக்கவில்லை. எண்ணெயும் தகடும் தேய்த்து ரேகை மழுங்கிப்போயிருந்தது. சுடிதாரில் துடைத்துவிட்டு அழுத்தி வைத்தாள். மூன்றாவது தரம் பச்சை விளக்கு எரிந்தது.

வெளியே வந்ததும் ஜமீலா, "வண்டில வரியா, விட்டுட்டுப் போறேன்," என்றாள்.

"வேணாம்க்கா. பஸ்ஸு வரும்," என்று சொல்லி லாவண்யா நடந்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே ஜமீலாவின் போனுக்குச் செய்தி வந்தது. பணம் கட்டிய விவரம் பதிவாகிவிட்டது, பொருந்தாமை தீர்க்கப்பட்டது, ஒத்துழைப்புக்கு நன்றி. ஷஃபியுல்லா படித்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். ஜமீலாவும் சொன்னாள்.

இரண்டாவது பிரஸ் பன்னிரண்டு நாள் சும்மா கிடந்தது. ஒரு பையன் வந்து இரண்டு நாள் வேலை செய்துவிட்டுப் பதினாறாயிரம் கேட்டான். வடக்கத்திக்காரன் ஒருவன் வந்தான், டை மாற்றத் தெரியவில்லை, ஒரு நாளில் நானூறு வாஷரைப் பிசிறோடு அடித்து வீணாக்கினான். சீட் கம்பெனியிலிருந்து போன் வந்தது. இந்த வாரச் சரக்கு எங்கே என்றார்கள். இரண்டாம் தரம் வந்தபோது குரலில் மரியாதை குறைந்திருந்தது. சனிக்கிழமை மத்தியானம் ஜமீலா ஒரு சீப்பு வாழைப்பழமும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கிக்கொண்டு திருமுல்லைவாயிலுக்கு வண்டியை விட்டாள். லாவண்யாவின் அப்பா வேம்புலியைப் பார்த்துவிட்டு வரத்தான் போகிறோம் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ரயில்வே லைனுக்குப் பின்னால் வரிசையாக எட்டு வீடுகள். ஐந்தாவது அவர்களுடையது. ஒரே அறை. வேம்புலி இரும்புக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். இடுப்புக்குக் கீழே ஆள் பாதியாக வற்றியிருந்தார். எழுந்திருக்க முடியாமல் கையை மட்டும் கூப்பினார். அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கத்திரிக்காயும் மொச்சையும் போட்டது. வாசனை தெருமுனை வரைக்கும் வந்திருந்தது.

லாவண்யாவின் அம்மா சுதா அவளைப் பார்த்ததும் பதறிப்போய்க் கையைப் புடவையில் துடைத்தாள். "வாங்கம்மா, வாங்க. ஐயோ, எங்க ஊட்டுக்கு வந்துகீறீங்க, ஒக்கார சேரு கூட இல்ல." கட்டிலின் ஓரத்தைத் தட்டிக் கொடுத்தாள். லாவண்யா மூலையில் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பை வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

ஜமீலா பழத்தையும் பாட்டிலையும் கொடுத்து முடிப்பதற்குள் சுதாவின் கண் நிறைந்துவிட்டது.

"நான் உங்க மூஞ்சில எப்டி முயிக்கிறதுன்னு கெடந்தேன்மா. நானே வந்து மன்னிப்பு கேக்கணும். ஒரு பொம்பள நாலு பேர வெச்சி தொயில் நடத்தறீங்க. எம் பொண்ண ஒரு வருசம் சோறு போட்டு வேல கத்துக் குடுத்தீங்க. கடசில பரிச்ச எய்துற நேரத்துல புடிக்கலன்னு சொல்லாம கொள்ளாம நின்னுகினாளே! நான் எவ்ளோ கேட்டேன் தெரியுமா? அக்கா நல்லவங்கதாம்மா, எனுக்குத்தான் முடியலன்னு அதையே சொல்றா."

ஜமீலா லாவண்யாவைப் பார்த்தாள். லாவண்யா தரையைப் பார்த்தாள்.

"ஆவடில வேல கெடச்சா அப்பாவ அங்கயே ஆஸ்பத்திரில காட்டலாம்னு இவதான் சொன்னா. இப்ப இவளே ஒடச்சிகினா. கேளுங்கம்மா, நீங்களாவது கேளுங்க. உங்க பேச்சக் கேப்பா."

"உடு சுதா," என்றார் கட்டிலில் இருந்தவர். "கொயந்த தளந்துபோச்சு."

ஜமீலாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உங்கள் பெண்மேல் தப்பில்லை, நான்தான் எழுதிக் கொடுத்தேன். ஒரு வரிதான். சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். அதற்குள் சுதா தட்டைக் கழுவிக்கொண்டு வந்து சோற்றைப் போட்டுவிட்டாள். "துன்னுட்டுத்தான் போவணும். கருவாடு துன்னுவீங்க இல்ல? நெத்திலிதான், நல்லா அலசிட்டேன்."

ஜமீலா சாப்பிட்டாள். காரமும் புளிப்புமாகக் குழம்பு நன்றாகவே இருந்தது. சுதா இரண்டாம் கரண்டி ஊற்றியபோது போதும் என்று கையை நீட்டித் தடுத்தாள். ஆனால் அதையும் சாப்பிட்டாள்.

ஐந்தே முக்காலுக்கு லாவண்யா பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ஜமீலாவும் கூடவே வெளியே வந்தாள். தெருமுனையில் சேற்றில் புதைந்த குப்பைத்தொட்டி ஓரமாக இருவரும் நின்றார்கள். மழை இல்லை, மரங்கள் மட்டும் சொட்டின.

"அம்மாகிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா பட்டறையாண்ட வந்து கத்தும். அப்பால உங்ககிட்ட வந்து நான் எப்டிக்கா நிக்கிறது? எனுக்கு அவசரத்துக்குப் போய் நிக்க வேற யாரு கீறாங்க?"

ஜமீலா தான் வந்த காரியத்தைச் சொன்னாள். "ரெண்டாவது பிரஸ் சும்மா கெடக்கு. திரும்ப வரியா? வேலையாளா."

"பேரு ஏத்துவீங்களா?"

"ஏத்துனா மறுபடியும் மாட்டிக்கும். எதுலயும் வேணாம். கையில குடுத்துடறேன். பன்னெண்டு."

"சரண் அண்ணனுக்குப் பதினாலு குடுத்தீங்க."

"பி.எஃப். எல்லாம் போக அவன் கைக்கு அவ்ளோ வரல." சொன்ன பிறகுதான் தான் பேரம் பேசுவது ஜமீலாவுக்கே உறைத்தது. "பதிமூணு."

லாவண்யா தலையை ஆட்டினாள். மனசுக்குள் எதையோ கூட்டிக் கழிப்பது தெரிந்தது. "அப்பா உழுந்தப்பவே இந்தப் பதிமூணக் குடுத்திருந்தீங்கன்னா நான் கோடவுன் பக்கமே போயிருக்க மாட்டேன்க்கா." கோபமாகச் சொல்லவில்லை.

"இப்பவாவது அத விட்டுடேன்."

"அங்க வாங்குன அட்வான்ஸ் தை வரைக்கும் புடிப்பாங்கோ."

வேன் வந்து நின்றது. உள்ளே ஏற்கெனவே பதினைந்து பேருக்கு மேல் நெருக்கியடித்து இருந்தார்கள். யாரோ ஒருத்தி, "சீக்கிரம் வாடி," என்று கத்தினாள்.

"திங்கக்கெழம எட்டரைக்குத்தான?" என்று கேட்டாள் லாவண்யா.

"எட்டரைக்குத்தான்."

அவள் ஏறிக்கொண்டாள். உள்ளே இருந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். கதவு இரண்டு தரம் இழுத்தும் சாத்தவில்லை, மூன்றாம் தரம் சாத்தியது.

ஜமீலா ஸ்கூட்டியை எடுக்கத் திரும்பினாள். சுதா எவர்சில்வர் தூக்கு ஒன்றை ஏந்திக்கொண்டு சேற்றில் வேகமாக வந்துகொண்டிருந்தாள். "அம்மா, இருங்க, இருங்க! பாய்க்குக் கொஞ்சம் கொயம்பு. தூக்க அப்பால எப்பனா குடுத்து உடுங்க, அவசரம் இல்ல."

ஜமீலா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். தூக்கு இன்னும் கொதிக்கக் கொதிக்க இருந்தது.